கட்டியைப் பட்டினி போடலாமா?

பெப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள். அன்றைக்கான பக்கம் இன்றிரவே அச்சுக்குப் போக வேண்டும். வந்து சேர்ந்திருக்கும் வாசகர் கடிதங்களைப் பிரித்தால் பெரும்பாலானவை ஒரே ஊசியைச் சுற்றித்தான் நிற்கின்றன: கட்டிக்குப் போகிற இரத்தத்தை நிறுத்துகிற ஊசி. அதைப் போட்டால் கட்டி பட்டினியிலேயே செத்துப்போகுமாம், உண்மையா என்று கேட்கிறார் ஒருவர். இந்தியாவிலிருந்து அதை எடுப்பிக்கக் காணியை ஈடு வைக்கலாமா என்று இன்னொருவர். மூன்றாமவரின் தாயாருக்குப் புற்றுநோயே கிடையாது, சலரோகம் மட்டும்தான். அவருடைய கண்ணுக்குள் அதே ஊசியைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். "எங்களுக்குத் தெரியாமல் அம்மாவுக்கு வேறு ஏதும் இருக்கோ?" என்று முடிகிறது அந்தக் கடிதம்.

புற்றுநோய் என்றால் என்ன, எப்படிப் பரவும் என்பதில் நேரம் போக்கப் போவதில்லை. கிளினிக் வாங்கில் ஒரு காலைப் பொழுது காத்திருந்தவருக்கு அதெல்லாம் தெரியும். நேரே ஊசிக்கு வருவோம். பெயர் பெவசிசுமாப். முதலில் சந்தைக்கு வந்தபோது அவாஸ்ரின். விளம்பரத் தாள்கள் இதை "இலக்கு வைத்துத் தாக்கும் சிகிச்சை" என்கின்றன. இலக்கு கட்டி என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். உண்மையில் இந்த மருந்து புற்றுநோய்க் கலத்தைத் தேடிப்போய்க் கொல்வதில்லை. குருதிக்குழாய்களை முளைக்கத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிடித்து முடக்குகிறது, அவ்வளவுதான். அந்தப் புரதம் உடம்பு முழுவதும் வேலை செய்கிறது. அதனால்தான் ஊசி போட்டவருக்குப் பிரஷர் ஏறுகிறது, சத்திரசிகிச்சைக் காயம் ஆற மறுக்கிறது, சிலருக்குக் குடலில் துளை விழுகிறது. சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் 28 நாட்களாவது இதைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான்.

இந்தப் புரதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் எப்படி வந்தது? 1955 இல் இங்கிலாந்தில் தொம்லின்சன், கிரே என்ற இருவர் நுரையீரல் புற்றுநோய்த் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் அளந்து பார்த்தார்கள். குருதிக்குழாய்க்குக் கிட்ட இருந்த கலங்கள் உயிரோடு இருந்தன. ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றருக்கு அப்பால் இருந்தவை செத்துக் கிடந்தன. ஒட்சிசன் இழையத்துக்குள் ஊறிப் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான். 1971 இல் பொஸ்ரன் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜூடா போக்மன் அடுத்த அடியை வைத்தார்: அப்படியானால் ஒரு கட்டி இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வளர, தனக்கென்று புதுக் குருதிக்குழாய்களை வரவழைக்க வேண்டும். அந்த அழைப்பைத் தடுத்தால் கட்டி குண்டூசித் தலையளவில் நின்றுவிடும். சக நிபுணர்கள் பல வருடம் இதை நம்பவில்லை. அழைப்பு விடுக்கும் புரதம் இரண்டு முறை கண்டுபிடிக்கப்பட்டது. 1983 இல் செங்கரும் துவோராக்கும் அதைக் குருதிக்குழாய்களைக் கசியவைக்கும் பொருளாகக் கண்டார்கள். 1989 இல் பெராரா அதையே குருதிக்குழாய்களை வளர்க்கும் பொருளாகக் கண்டார். வளர்ப்பதும் கசியவைப்பதும் ஒரே புரதம். விளம்பரத் தாள்களில் வளர்ப்பது மட்டும் இருக்கிறது. சிக்கல் முழுவதும் கசிவில் இருக்கிறது.

கோண்டாவில் பக்கம் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். கிணற்றடியிலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து பாத்தி. ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் வாயை அடைத்து அடுத்ததைத் திறப்பார். சுகமான உடம்பின் குருதியோட்டத்திலும் இந்த ஒழுங்கு உண்டு: நாடி, சிறு நாடி, மயிர்த்துளைக்குழாய், சிறு நாளம், நாளம். எங்கே எவ்வளவு தேவையோ அங்கே அவ்வளவு திறக்கும். கட்டிக்குள் ஓடுபவை மட்டம் பாராமல், வரம்பு கட்டாமல், இரவோடிரவாக வெட்டிவிட்ட வாய்க்கால்கள். தலைமாட்டுப் பாத்தி வெள்ளத்தில் மிதக்கும், கடைசிப் பாத்தியில் கன்று கருகும்.

நுணுக்குக்காட்டியில் தெரிவது இதுதான். எது நாடி எது நாளம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு குழாய் திடீரென வீங்கும், அடுத்த வளைவில் நூலாய் ஒடுங்கும். இரண்டாகக் கிளைக்க வேண்டிய இடத்தில் மூன்றாகக் கிளைக்கும், சுற்றிவந்து தன்னோடு தானே சேரும், சில இடங்களில் முட்டுச்சந்தாக முடியும். சுகமான மயிர்த்துளைக்குழாயை வெளியிலிருந்து அணைத்துப் பிடித்து நிற்கும் தாங்கு கலங்கள் இங்கே ஒட்டாமல் தொங்கும், அல்லது இருக்கவே மாட்டா. உட்சுவர்க் கலங்களுக்கிடையில் இடைவெளி விட்டிருக்கும். குருதி சில நிமிடங்கள் ஓடும், பிறகு நிற்கும், சிலவேளை வந்த வழியே திரும்பிப் பாயும். ஆறாத காயம் என்று 1986 இல் துவோராக் கட்டிக்குப் பட்டம் வைத்தார். காயம் ஆறும்போதும் இதே கசியும் புதுக்குழாய்கள்தான் முளைக்கின்றன. ஆனால் சில நாட்களில் அவை முதிர்ந்து, வேண்டாதவை ஒடுங்கி, ஒழுங்குக்கு வந்துவிடும். கட்டியில் அந்தக் கடைசிக் கட்டம் வருவதே இல்லை.

கசிவினால் வரும் விளைவைத்தான் நான் இந்தக் கதையிலேயே மிகவும் பயங்கரமானதாகக் காண்கிறேன். குழாயிலிருந்து ஒழுகும் திரவத்தை வடித்துக்கொண்டு போகக் கட்டிக்குள் ஒழுங்கான நிணநீர்க் குழாய்கள் இல்லை. திரவம் தேங்குகிறது, அமுக்கம் ஏறுகிறது. சுகமான தோலுக்குள் இந்த அமுக்கம் ஏறக்குறைய பூச்சியம். பல கட்டிகளுக்குள் அது குருதிக்குழாயின் உள்ளமுக்கத்துக்கே கிட்ட வந்துவிடுகிறது. உள்ளேயும் வெளியேயும் ஒரே அமுக்கமென்றால் குழாயிலிருந்து மருந்தை வெளியே தள்ள விசை ஏது? நாளத்தில் ஏற்றிய மருந்து கட்டியின் ஓரத்தை நனைத்துவிட்டு நின்றுவிடும். மேலும், நெருக்கிப் பெருகும் கலங்கள் பலவீனமான குழாய்களை நசுக்குகின்றன. குழாய் நசுங்கினால் ஒட்சிசன் குறையும். ஒட்சிசன் குறைந்தால் கலத்துக்குள் ஓர் அபாய மணி அடிக்கும் (அந்த மணியின் பொறிமுறையைக் கண்டதற்குத்தான் 2019 இல் கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் நோபல் பரிசு). மணி அடித்தால் அதே புரதம் இன்னும் கூடச் சுரக்கும். இன்னும் கூடக் குழாய்கள் வரும், அவையும் கசியும், அமுக்கம் பின்னும் ஏறும்.

ஆகவே கட்டியைப் பட்டினி போடுவது பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி: அது ஏற்கெனவே பட்டினியில்தான் கிடக்கிறது. பட்டினியில் மென்மையான கலங்கள் சாகின்றன, முரட்டுக் கலங்கள் எஞ்சுகின்றன. இருந்த இடத்தில் சோறில்லை என்று எழுந்து வேறிடம் போகப் பழகுபவையும் அவைதான்.

எங்கள் நாட்டு வாய்க்குள் இந்தக் கதை கட்டி வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பாக்குச் சப்புகிறவர்களில் சிலருக்குக் கன்னத்தின் உட்தோல் வெளிறி, இறுகி, நாளடைவில் வாய் திறக்கவே கஷ்டமாகிவிடும். பாக்கிலுள்ள அரெக்கோலின் நார் இழையத்தைத் தடிக்கச் செய்வதால் வரும் நிலை இது. அங்கே குருதியோட்டம் குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவபீடத்தின் திலகரத்னவும் பிரித்தானிய ஆய்வாளர்களும் 2008 இல் வெளியிட்ட கட்டுரை, மேலே சொன்ன அபாய மணி இந்த இறுகிய தோலிலேயே அடித்துக்கொண்டிருப்பதைக் காட்டியது. இந்த நிலை புற்றுநோயாக மாறுவதில் அந்த மணிக்குப் பங்கிருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. இலங்கை ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்பதைச் சுகாதார அமைச்சே வருடாவருடம் சொல்லிவருகிறது. 2004 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புகையிலை சேராத வெறும் பாக்கையும் புற்றுநோய் தரும் பொருட்களின் முதற் பிரிவில் வைத்தது. 2016 இல் கொழும்பு புகையற்ற புகையிலைப் பொருட்களின் விற்பனையைத் தடை செய்தது. கடைத்தெருவில் கண்ணைத் திறந்து நடப்பவருக்கு அந்தத் தடையின் வலு தெரியும்.

இனி ஊசிக்குக் கிடைத்த அங்கீகாரங்கள். அதற்கு முன் வந்தது ஆரவாரம். 1998 மே 3 அன்று நியூயோர்க் ரைம்ஸ் முதல் பக்கத்தில் போக்மனின் எலி ஆய்வு வந்தது. இரண்டு வருடத்தில் அவர் புற்றுநோயைக் குணப்படுத்திவிடுவார் என்று டி.என்.ஏ. புகழ் ஜேம்ஸ் வொட்சன் சொன்னதாக அதில் இருந்தது. அப்படிச் சொல்லவில்லை என்று வொட்சன் மறுப்பதற்குள் அந்த ஆய்வோடு தொடர்புள்ள மருந்துக் கம்பனியின் பங்கு விலை ஆகாயத்துக்கு ஏறிவிட்டது. போக்மன் மட்டும் நிதானமாக இருந்தார். புற்றுநோய் வந்தவர் எலியாக இருந்தால் நன்றாகக் கவனித்துக்கொள்வோம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

மனிதருக்கு வந்த கணக்கு வேறு. 2004 இல் பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் பெவசிசுமாப் அனுமதி பெற்றது. கீமோவோடு சேர்த்துக் கொடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 20.3 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 15.6 மாதம். ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு. சின்ன விஷயமில்லை, ஆனால் "பட்டினிச் சாவு" என்ற பேச்சுக்கும் இதற்கும் வெகு தூரம். மார்பகப் புற்றுநோய்க்கு 2008 இல் கொடுத்த அனுமதியை 2011 நவம்பரில் அதே அமெரிக்க அரசு திரும்பப் பெற்றது. ஊசி நோய் முன்னேறாத காலத்தை நீட்டியது, ஆயுளை நீட்டியதாகக் காட்ட முடியவில்லை.

"நோய் முன்னேறாத காலம்" என்ற இந்தச் சொற்றொடரில் கவனமாக இருங்கள். பெரும்பாலும் ஸ்கானில் கட்டி பெருக்காத காலம் என்றுதான் அதற்கு அர்த்தம். மூளைக் கட்டிகளில் இது விபரீதமாகிறது. ஸ்கான் எடுக்கும்போது ஏற்றும் சாயம், கசியும் குழாய்களிலிருந்து வெளியே ஒழுகுவதால்தான் கட்டி படத்தில் வெளிச்சமாகத் தெரிகிறது. பெவசிசுமாப் கசிவை அடைக்கிறது. சாயம் ஒழுகாது, படத்தில் கட்டி சுருங்கியதுபோல் தெரியும். கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும்! மூளைக் கட்டிக்கு 2009 இல் அமெரிக்கா துரித அனுமதி கொடுத்தது. ஐரோப்பா மறுத்தது. 2014 இல் இரண்டு பெரிய ஆய்வுகள் புதிதாக நோய் கண்டவர்களின் ஆயுளில் கூடுதல் இல்லை என்று சொல்லின. 2017 இல் அமெரிக்கா, நோய் திரும்பியவர்களுக்கு முழு அனுமதியே கொடுத்தது. மூளை வீக்கம் வடிந்து தலைவலியும் ஸ்ரீரோயிட் தேவையும் குறைவது நோயாளிக்குப் பெரிய ஆறுதல்தான். அதை ஆறுதல் என்றே சொல்லிக் கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபமில்லை.

அப்படியானால் குடல் புற்றுநோயில் கிடைத்த அந்த மாதங்கள் எங்கிருந்து வந்தன? இங்கேதான் ராகேஷ் ஜெயின் வருகிறார். 1972 இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் இரசாயனப் பொறியியல் முடித்துப் பின்னர் ஹார்வர்ட்டில் பேராசிரியரானவர். கட்டியைக் குழாயும் அமுக்கமும் ஓட்டமுமாகப் பார்க்க ஒரு பொறியியலாளருக்குத்தான் தோன்றியிருக்கும். இந்த மருந்து குழாய்களை அழிப்பதால் உதவவில்லை, கொஞ்சக் காலத்துக்குச் செப்பனிடுவதால் உதவுகிறது என்று 2001 இல் எழுதினார். கசிவு அடைபடும், அமுக்கம் இறங்கும், ஓட்டம் சீராகும், கூடக் கொடுக்கும் கீமோ உள்ளே போகும். பட்டினி போடக் கொண்டுவந்த மருந்து பரிமாறும் வேலை செய்கிறதாம். 2004 இல் குதப் புற்றுநோயாளர் 6 பேருக்கு ஒரேயொரு ஊசி போட்டு 12 நாள் கழித்துப் பார்த்ததில் அமுக்கம் இறங்கியிருந்தது. அழகான கருத்து. ஆனால் 2012 இல் ஆம்ஸ்ரர்டாம் குழு ஒன்று நுரையீரல் புற்றுநோயாளர்களில் அளந்தபோது ஊசிக்குப் பிறகு கட்டிக்குள் கீமோ மருந்து போவது குறைந்ததே தவிரக் கூடவில்லை. எவ்வளவு கொடுத்தால், எந்த நாளில், எந்தக் கட்டியில் செப்பனிடும், எப்போது வெறுமனே அடைக்கும் என்பது இன்னும் தீராத வழக்கு. கூடக் கொடுப்பது நல்லது என்ற எங்கள் ஊர் நம்பிக்கை இங்கே செல்லாது.

மருந்து சில கட்டிகளைத் தொடவே தொடாததற்கும் காரணம் குழாய்களின் அமைப்புத்தான். நுரையீரலிலும் ஈரலிலும் சில கட்டிகள் புதுக் குழாய்களை அழைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் நல்ல குழாய்களோடு ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. அழைப்பே இல்லாதபோது அழைப்பைத் தடுத்து என்ன பயன்? வேறு சில கட்டிகளில், கண்ணின் கரும்புற்றில் 1999 இல் காட்டியதுபோல, புற்றுநோய்க் கலங்களே வரிசைகட்டி நின்று குழாய்போல் வழி அமைக்கின்றன. "நனோ மருந்து" வாங்கச் சொல்கிறவர்களுக்கும் இங்கேயே பதில்: கசியும் குழாய் வழியாக நுண்துகள்கள் கட்டிக்குள் தாமாகவே போய்ச் சேரும் என்பது அந்த விளம்பரங்களின் அடிப்படை. பத்து வருட ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் ரொறொன்ரோக் குழு கணக்குப் பார்த்தது. விலங்குகளில் ஏற்றிய அளவில் கட்டியை அடைந்தது இடைநிலையில் 0.7 சதவீதம்.

எங்களுக்கு மிகவும் வேண்டிய விஷயம் இந்த விலையுயர்ந்த ஊசிக்கு வெளியே இருக்கிறது. தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011 இல் நடந்தவர்கள் திரட்டிய பணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையானது. அங்கே வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெறுகிறவருக்கு ஒட்சிசன்தான் பாதி மருந்து. ஒட்சிசன் இல்லாத கலத்தைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். கோணல் குழாய்களின் கடைசிப் பாத்தியில் கிடக்கும் கலங்கள் இதனால்தான் தப்பிக்கின்றன. சுருட்டுப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கதிர்ச் சிகிச்சை நடக்கும்போதும் புகைத்தவர்களுக்குப் பலன் குறைந்ததை 1993 இல் கனடாவில் காட்டினார்கள். "வருத்தம் வந்தாச்சு, இனி விட்டென்ன" என்று சொல்லும் அப்புமாருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அதேபோல் ஒட்சிசனைக் குறைக்கும் குருதிச்சோகையைச் சொல்லாமல் மறைக்கவும் வேண்டாம், அதற்காகக் கடையில் தாமாக ஊசி வாங்கவும் வேண்டாம். ஈமோகுளோபினை ஏற்றும் எரித்ரோபொயிற்றின் ஊசியைத் தலை, கழுத்துப் புற்றுநோயாளருக்குக் கொடுத்த 2003 ஆய்வில் ஈமோகுளோபின் ஏறியது, புற்றுநோய்க் கட்டுப்பாடு மோசமானது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

கண்ணுக்குள் ஏன்? சலரோகத்தில் விழித்திரையிலும் அதே புரதம் அதே கசியும் குழாய்களை வளர்க்கிறது. அளவு 1.25 மில்லிகிராம்தான், அம்மாவுக்குப் புற்றுநோய் இல்லை, பயப்படாமல் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2013 இல் இதைச் சேர்த்ததே கண்ணுக்காகத்தான்.

சுறாக் குருத்தெலும்புக் குளிசை? குருத்தெலும்பில் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் உண்டு என்பது போக்மன் கூடத்தின் பழைய கண்டுபிடிப்பு, குளிசையாக விழுங்கிப் பயனில்லை. சுறாவுக்கும் புற்றுநோய் வரும். சுறா வறை ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

மஞ்சள்? கறிக்குப் போடுங்கள்.

சாப்பாட்டைக் குறைத்தால் கட்டி பட்டினி கிடக்குமா? நீங்கள்தான் கிடப்பீர்கள்.

பயொப்சி எடுத்தால் குழாய் திறந்து நோய் பரவுமா? அந்தப் பயத்தில் பிந்தி வருகிறவர்களைத்தான் நோய் கொல்கிறது.

கருப்பை வாசலைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியில் டொக்டர் என்ன தேடுகிறார்? தாறுமாறான குருதிக்குழாய்க் கோலங்களையும்தான். சுகவனிதையர் கிளினிக் அழைப்பைத் தட்டாதீர்கள்.

எடுப்பிக்கும் மருந்து அசல்தானா? 2023 இல் இம்யூனோகுளோபுலின் ஊசி விவகாரம் வெடித்து, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கைதான நாடு இது. குளிரூட்டியில் வராத, பற்றுச்சீட்டு இல்லாத புற்றுநோய் ஊசியைத் தொடாதீர்கள்.

காணியை ஈடு வைக்கலாமா என்று கேட்டவருக்கு: முதலில் உங்கள் வைத்திய நிபுணரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த வகைப் புற்றுநோயில், இந்தக் கட்டத்தில், இந்த ஊசி ஆயுளை நீட்டியதாகக் காட்டியிருக்கிறார்களா, அல்லது ஸ்கான் படத்தை மட்டுமா? நீட்டியதென்றால் எத்தனை மாதம்? நேரான பதில் கிடைக்கும்வரை உறுதியைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். வெற்றிலைத் தட்டம் உள்ள வீட்டுக்காரர் எல்லோரும் இன்று கண்ணாடிக்கு முன் வாயைத் திறந்து பாருங்கள். மூன்று விரலை நெடுக்காக உள்ளே விட முடியவில்லையென்றால், அல்லது வெள்ளைத் தழும்போ இரண்டு மூன்று கிழமையாக ஆறாத புண்ணோ இருந்தால், கிட்டவுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பல் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே காசு கேட்கமாட்டார்கள்.